கடைக்குட்டியின் பின்னால் போங்கள்: பவர் பேக் காமிக்ஸ் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

மார்வெல் காமிக்ஸில் இளம் நாயகர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மீசை அரும்பும் வயதுக்காரர்கள். பள்ளியில் கூட்டல் கழித்தல் கற்கும் பிள்ளைகள், ஒரே வீட்டில் பிறந்த நால்வர், தாங்களாகவே ஓர் அணியாகித் தொடர் முழுவதையும் தாங்கிய கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பவர் பேக். 1984இல் தொடங்கி 1991 வரை 62 இதழ்கள் வந்தது. கதை லூயிஸ் சைமன்சன், ஓவியம் ஜூன் பிரிக்மேன். நால்வரில் கடைசி கேட்டி பவர். தொடர் தொடங்கும்போது அவளுக்கு வயது ஐந்து.

இந்தத் தொடருக்குள் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் மூத்தவன் அலெக்ஸைத் தலைவனாகக் கொண்டு படிக்கிறார்கள். அது இயல்புதான், அணிக்குத் தலைவன் அவனே. நான் சொல்லும் வழி வேறு. கேட்டியைப் பின்தொடர்ந்து படியுங்கள். நால்வரில் மிக ஆபத்தான சக்தி இருப்பது ஐந்து வயதுப் பிள்ளையின் கையில். தொடரின் பயம், பாசம், மனசாட்சி எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து கிளம்புகின்றன. எந்த இதழில் தொடங்குவது, எதைச் சேர்த்துப் படிப்பது, எங்கே நிறுத்துவது, வீட்டுப் பிள்ளைகளிடம் எதைக் கொடுப்பது என்பதையெல்லாம் அந்தக் கோணத்திலிருந்தே எழுதியிருக்கிறேன்.

தேடும்போது ஆண்டைப் பாருங்கள்

பவர் பேக் என்று தட்டினால் ஒரே பெயரில் பல தொடர்கள் வந்து விழும். 1984இல் தொடங்கிய மூலத் தொடர், 2000இல் வந்த நான்கு இதழ்கள், 2005இல் சிறுவர்களுக்காக வந்தவை, 2020இல் தொடங்கிய ஐந்து இதழ்கள், 2024இல் வந்த ஐந்து இதழ்கள். எல்லாவற்றுக்கும் முதல் இதழ் ஒன்றாம் எண்தான். அட்டையைப் பார்த்துவிட்டு எதையோ திறந்தால், கேட்டி ஒரு கதையில் ஐந்து வயதிலும் இன்னொன்றில் பதின்வயதை நெருங்கியும் நிற்பாள், தலை சுற்றும்.

நீங்கள் தொடங்க வேண்டியது 1984ஆம் ஆண்டுத் தொடர். மார்வெலின் சந்தா வாசிப்புச் செயலியைப் பயன்படுத்துபவர்கள் தொடரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள ஆண்டைப் பார்த்துத் திறக்க வேண்டும். அச்சில் வேண்டுமென்றால் பவர் பேக் கிளாசிக் என்ற பெயரில் வந்த தொகுப்புகளில் முதலாவதைத் தேடுங்கள். முதல் பத்து இதழ்கள் அதில் இருக்கின்றன. இன்னும் விரிவாக வேண்டுவோருக்குத் தடித்த ஆம்னிபஸ் தொகுப்பு உண்டு. அதன் முதல் பாகத்தில் முதல் 36 இதழ்களோடு, இந்தப் பிள்ளைகள் போய்வந்த மற்றத் தொடர்களின் சில இதழ்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மொத்தமாகப் பணம் போடுவதற்கு முன் முதல் நான்கு இதழ்களைப் படித்துப் பார்த்துவிடுங்கள். அவை பிடிக்கவில்லை என்றால் மற்றவையும் பிடிக்காது.

இந்த அளவு தெரிந்தால் போதும்

குடும்பப் பெயர் பவர். அப்பா ஜேம்ஸ் பவர் இயற்பியல் அறிஞர். பொருளை எதிர்ப்பொருளோடு மோதவிட்டு ஆற்றல் எடுக்கும் கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறார். அம்மா மார்கரெட். வீடு வர்ஜீனியாவின் கடற்கரையோரம். கொஞ்ச காலத்திலேயே குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்துவிடும்.

குதிரை முகம் கொண்ட கைமெலியர் என்ற வேற்றுக்கோள் இனத்தைச் சேர்ந்த ஒருவர் பூமிக்கு வருகிறார். பெயர் ஏல்ஃபயர் வைட்மேன். பிள்ளைகள் அவரை வைட்டி என்று கூப்பிடுகிறார்கள். அப்பா உருவாக்கியதைப் போன்ற ஒரு கருவியால்தான் அவருடைய இனம் தன் தாய்க்கோளை இழந்தது. அதே அழிவு பூமிக்கும் நேரக்கூடாது என்று எச்சரிக்க வருகிறார். அதே கருவியைக் கைப்பற்ற ஸ்நார்க் என்ற பல்லி இனமும் வருகிறது. வைட்டி படுகாயமடைந்து சாகும் தறுவாயில் தன் சக்திகளை நான்காகப் பிரித்து நான்கு பிள்ளைகளிடம் விட்டுப் போகிறார். கூடவே பேசும் விண்கலம் ஒன்றும் அவர்களுக்குத் துணையாகிறது. அதன் பெயர் ஃபிரைடே.

யாருக்கு என்ன கிடைத்தது? பன்னிரண்டு வயது அலெக்ஸ் புவியீர்ப்பை ஆள்கிறான். தன் எடையையும் தான் தொடும் பொருளின் எடையையும் இல்லாமல் ஆக்குவான். பத்து வயது ஜூலி வானவில் நிறத்தில் தடம் விட்டபடி அதிவேகமாகப் பறப்பாள். எட்டு வயது ஜாக் தன் உடலின் அடர்த்தியை மாற்றுவான். நினைத்தால் மேகம்போலப் பரவுவான், நினைத்தால் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிக் கல்லாவான். கேட்டி தொடும் பொருள் பொடியாகிவிடும். அதன் ஆற்றலைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, பிறகு அதை ஒளி உருண்டைகளாக வீசுவாள். அணியில் அவளுடைய பெயர் எனர்ஜைசர்.

சட்டை மாற்றும் வேலையும் இல்லை. "காஸ்ட்யூம் ஆன்" என்று சொன்னால் போதும், சீருடை உடலில் வந்துவிடும். முதல் தடவை படிக்கும்போது இது சின்னச் சங்கதியாகத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தானே உடுத்திக்கொள்ளத் தெரியாது என்பதை சைமன்சன் மறக்கவில்லை என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நான்கு இதழ்களை ஒரே மூச்சில்

முதல் நான்கு இதழ்களும் சேர்ந்து ஒரே கதை. பெற்றோரை ஸ்நார்க்குகள் கடத்திவிடுகிறார்கள், பிள்ளைகள் போய் மீட்க வேண்டும். இடையில் நிறுத்தினால் வேகம் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான சாகசக் கதைகளில் சக்தி கிடைத்தவுடன் நாயகன் அதைச் சோதித்துப் பார்த்துக் குதூகலிப்பான். இங்கே மற்ற மூவருக்கும் அந்தக் குதூகலம் கொஞ்சமாவது உண்டு. பறப்பது, மிதப்பது, மேகமாவது எல்லாம் பிள்ளைகள் கனவில் காண்பவை. கேட்டியின் சக்தி யாருடைய கனவிலும் வராதது. பொருள்களை அழித்தால்தான் அவளால் சண்டைபோட முடியும். பொம்மையைத் தொலைத்துவிட்டாலே கண்கலங்கும் வயதில் பொருள்களைப் பொடியாக்கித்தான் அண்ணனுக்கும் அக்காவுக்கும் உதவ வேண்டியிருக்கிறது. இழுத்த ஆற்றலை நீண்ட நேரம் உள்ளே வைத்திருக்கவும் முடியாது, எங்காவது விட்டாக வேண்டும். எங்கே விடுவது, யார்மீது படும் என்ற கேள்வி அவளை விடாது. எனர்ஜைசர் எத்தனை பேரை வீழ்த்தினாள் என்று எண்ணாமல், உருண்டையை வீசுமுன்னும் வீசியபின்னும் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, ரகசியம். பிள்ளைகள் தங்கள் சக்தியைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்வதில்லை. சொன்னால் பயந்துபோவார்கள், தடுத்துவிடுவார்கள், தங்களை வேறுமாதிரிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார்கள். பெரியவர்கள் ரகசியம் காப்பது ஒரு வகை. ஐந்து வயதுக் குழந்தை அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டே ரகசியம் காக்க வேண்டியிருப்பது வேறு. கேட்டிதான் அதிகம் உளறப் பார்ப்பாள் என்று எதிர்பார்ப்போம். அவள் எப்போது வாயைத் திறக்கப் பார்க்கிறாள், யார் அவளை அடக்குகிறார்கள் என்று கவனித்தால் தொடரின் குடும்பக்கதை முழுவதும் பிடிபடும்.

ஓவியத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள்

அந்தக் காலத்து அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் குழந்தைகள் பெரும்பாலும் குள்ளமாக வரையப்பட்ட பெரியவர்கள். பெரிய மார்பு, பெரிய தாடை, தலை மட்டும் சிறியது. பிரிக்மேன் குழந்தைகளைக் குழந்தைகளாகவே வரைந்தார். எட்டு வயது ஜாக்கும் ஐந்து வயது கேட்டியும் நிற்கும் விதமே வேறு. கேட்டியின் வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கும், அழும்போது முகம் முழுவதும் அழும். நால்வரும் ஒரே கட்டத்தில் இருந்தால் உயர வரிசையைப் பாருங்கள். ஆபத்து வரும்போது கேட்டி யார் பக்கம் ஒட்டுகிறாள் என்று பாருங்கள். பல சமயம் அது ஜூலி.

பேச்சுப் பலூன்களை மட்டும் வாசித்துக்கொண்டு போவோருக்கு இந்தத் தொடர் நீளமாகத் தோன்றலாம். 1980களின் வழக்கப்படி வசனம் அதிகம், விளக்கப் பெட்டிகளும் அதிகம். முதலில் பக்கத்தை முழுதாகப் பாருங்கள், பிறகு வாசியுங்கள். செயலியில் படிப்பவர்கள் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை நிறுத்திவிட்டு முழுப் பக்கமாகவே படிப்பது நல்லது. நால்வரையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான் கடைக்குட்டி எவ்வளவு சின்னவள் என்பது கண்ணில் உறைக்கும்.

மற்றத் தொடர்களுக்குள் போய்வரும் இதழ்கள்

மார்வெலில் ஒரு தொடரின் கதை இன்னொன்றுக்குள் நுழைவது வாடிக்கை. புதியவர்களுக்கு இது பெரிய தலைவலி. பவர் பேக்கைப் பொறுத்தவரை ஓர் எளிய விதியை வைத்துக்கொள்ளுங்கள்: கேட்டிக்கு அங்கே வேலை இருக்கிறதா? இருந்தால் போய்ப் படியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த விதிப்படி முதலில் போக வேண்டியது 12ஆம் இதழும் அதே காலத்தில், 1985இல், வந்த அன்கேனி எக்ஸ்-மென் 195ஆம் இதழும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நியூயார்க்கின் நிலத்தடிச் சுரங்கங்களில் மொர்லாக் என்ற ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் அன்னாலீ தன் பிள்ளைகளைக் கொலையில் பறிகொடுத்தவள். இந்த நான்கு பிள்ளைகளையும் பார்த்தவுடன், இழந்ததை ஈடுகட்ட அவர்களையே வைத்துக்கொள்ள நினைக்கிறாள். பெற்றோரின் நினைவிலிருந்து பிள்ளைகளை அழித்துவிட்டால் யார் தேடுவார்கள்? வில்லி என்று அன்னாலீயை ஒதுக்க முடியாது, தாய் ஒருத்தியின் துக்கம் அது. பெற்ற தாயே தன்னை மறந்துவிடுவாள் என்பது ஒரு சின்னப் பிள்ளைக்கு எந்த அரக்கனையும்விடப் பெரிய பயம். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்-மென் கதைக்குள் குழந்தைகளின் பயத்தை அதன் முழு அளவில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

18ஆம் இதழிலும் தோர் தொடரின் 363ஆம் இதழிலும் குர்ஸ் என்ற பூதாகாரமான எதிரி வருகிறான். தோரை அப்போது எழுதியவர் வால்ட்டர் சைமன்சன், லூயிஸின் கணவர். சண்டைக் காட்சிகள் பிடிக்கும் என்பவர்கள் படிக்கலாம். அதை அடுத்து வரும் 19ஆம் இதழ் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் விருந்தை வைத்து எழுதியது. அதைத் தவறவிடாதீர்கள்.

205ஆம் இதழுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்

கேட்டி வரும் கதைகளில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் பவர் பேக் தொடரிலிருந்து எடுத்துக் கொடுக்க மாட்டேன். 1986இல் வந்த அன்கேனி எக்ஸ்-மென் 205ஐத்தான் கொடுப்பேன். கதை கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியம் பாரி வின்ட்சர்-ஸ்மித்.

நியூயார்க்கில் பனிப்புயல். கேட்டி வழிதவறித் தனியாக நிற்கிறாள். அண்ணன்மார் இல்லை, அக்கா இல்லை. அங்கே அவள் எதிர்ப்படுவது எக்ஸ்-மென் அணியின் வால்வரினை. உடல் முழுவதும் காயம், பேச்சு இல்லை, மனித அறிவு மங்கி விலங்கு நிலைக்குப் போய்விட்டான். அவனை வேட்டையாட வருபவள் லேடி டெத்ஸ்டிரைக். பழிவாங்குவதற்காகத் தன் உடலையே இயந்திரமாக மாற்றிக்கொண்டவள். அவளோடு இன்னும் மூவர், அவர்களும் பாதி இயந்திரங்கள்.

படிக்கும் முறையைச் சொல்கிறேன். முதல் வாசிப்பில் வால்வரினை விட்டுவிடுங்கள், கேட்டி எதைப் பார்க்கிறாள், எதைப் புரிந்துகொள்கிறாள் என்று மட்டும் தொடருங்கள். ரத்தம் வடிய உறுமும் ஒரு மனிதனைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் ஓடிவிடும். அவள் ஓடவில்லை, தனக்குத் தெரிந்தவன் என்பதால் கூடவே இருக்கிறாள். இங்கே அவளைப் பெரியவளாக்குவது ஒளி உருண்டைகள் அல்ல. அவனை மனிதனாகவே நடத்துகிறாள், அவன் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாகத் திரும்புகிறான். இரண்டாம் வாசிப்பில் டெத்ஸ்டிரைக்கைப் பாருங்கள். மனித உடலோடு பிறந்தவள் அதைத் தூக்கியெறிந்துவிட்டு வருகிறாள், விலங்காகிப்போனவன் மனிதத்துக்குத் திரும்புகிறான். அவன் வென்ற பிறகும் அவளைக் கொல்வதில்லை. அந்த முடிவு வரும்போது பக்கத்தில் ஒரு குழந்தை இருக்கிறாள் என்பதை மறக்காமல் படியுங்கள்.

வின்ட்சர்-ஸ்மித்தின் கோடுகள் நெருக்கமானவை. ஆடையில் மடிப்பு, முகத்தில் காயம், கம்பிகள், பனி எல்லாம் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கேட்டியின் வட்டமுகத்தில்தான் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இது வன்முறையான கதை. வீட்டில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் இந்த இதழை இப்போதைக்கு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிராங்க்ளின் வந்த பிறகு

ஃபன்டாஸ்டிக் ஃபோர் அணியின் ரீட், சூ தம்பதியின் மகன் ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ் ஒரு கட்டத்தில் இந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்கிறான். வரப்போவதைக் கனவில் காணும் சக்தி அவனுடையது. அணியில் அவனுக்கு டாட்டில்டேல் என்று பெயர். அவன் கேட்டியைவிடச் சிறியவன். இதுவரை எல்லோருக்கும் கடைசியாக இருந்தவளுக்குக் கீழே ஒருவன் வந்துவிடுகிறான். அவனிடம் பேசும்போது அலெக்ஸ் தன்னிடம் பேசுவதைப் போலவே அவளும் பேசிப் பார்க்கிறாள். அதிகாரம் செய்கிறாள், பாதுகாக்கிறாள், சில நேரம் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறாள். அவன் வரும் இதழ்களில் சண்டைக் காட்சிகளைவிட இந்த இருவரும் பேசிக்கொள்ளும் கட்டங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள்.

25இல் சக்திகள் இடம் மாறுகின்றன

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஸ்நார்க்குகளோடு நடக்கும் பெரிய மோதலில் பிள்ளைகளின் சக்திகள் பறிபோய், 25ஆம் இதழில் திரும்பக் கிடைக்கும்போது ஆள் மாறிப் போய்ச் சேர்கின்றன. அதன் பிறகு எந்த இதழைத் திறந்தாலும் அட்டையில் இருப்பவர் வேறு சக்தியோடு, வேறு பெயரோடு நிற்பார். ஒரு துண்டுத்தாளில் இதை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: கேட்டிக்கு ஜூலியின் பறக்கும் சக்தி, பெயர் ஸ்டார்ஸ்ட்ரீக். ஜூலிக்கு ஜாக்கின் அடர்த்தி, பெயர் மாலிகுலா. ஜாக்குக்கு அலெக்ஸின் ஈர்ப்பு, பெயர் கவுன்டர்வெயிட். அலெக்ஸுக்குக் கேட்டியின் அழிக்கும் சக்தி, பெயர் டிஸ்ட்ராயர்.

இந்த மாற்றத்தைப் புதுமைக்காகச் செய்த வித்தை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதுவரை தங்கையைப் பார்த்து "கவனமாக இரு, அதைத் தொடாதே, இப்போது சுடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அலெக்ஸ். இப்போது அந்தப் பாரம் அவன் கையில். அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரையும் கேட்டியின் பழைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சக்திதான். அவள் அதை ஆற்றல் தருவதாகப் பார்த்தாள், அவன் அழிப்பதாகப் பார்க்கிறான். கேட்டியோ முதல் முறையாக யாரையும் காயப்படுத்தும் பயம் இல்லாமல் பறக்கிறாள். முதல் நான்கு இதழ்களில் அவள் முகத்தைக் கவனித்துப் படித்தவர்களுக்கு அந்த விடுதலை புரியும்.

27ஐ யாரிடம் கொடுப்பது

27ஆம் இதழ், எக்ஸ்-மென் தொடர்களில் அப்போது ஓடிய மியூட்டன்ட் மாஸக்கர் என்ற பெரிய கதையின் ஒரு துண்டு. சுரங்கத்தில் மொர்லாக்குகள் கொன்று குவிக்கப்படுகிறார்கள். பிள்ளைகள் அந்தச் சுரங்கத்துக்குள் போகிறார்கள், கொலையாளிகளில் ஒருவனான சேபர்டூத்தை எதிர்கொள்கிறார்கள். 12ஆம் இதழை முன்பே படித்திருந்தால் இது வலிக்கும். முழுக் கதையையும் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இந்த ஓர் இதழ் மட்டுமே போதும்.

சிறுவர் தொடர் என்று நினைத்து இதைப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். முன்னால் நீங்கள் ஒருமுறை படியுங்கள். என் கணிப்பில் முதல் 11 இதழ்களை எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள், ஆங்கிலம் ஓரளவு வந்தால், பெரியவர் துணையோடு படிக்கலாம். 12க்கு இன்னும் இரண்டு வயது கூடட்டும். 27க்குப் பதின்வயது.

1984இல் ஸ்பைடர்மேனும் பவர் பேக்கும் சேர்ந்து வந்த ஒரு சிறப்பிதழ் இலவசமாக விநியோகிக்கப்பட்டது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல் பற்றிப் பிள்ளைகளே புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டது. யாரிடமாவது சொல்லுங்கள், தவறு உங்களுடையது அல்ல என்பதை நேரடியாகச் சொல்லும் காமிக்ஸ். கிடைத்தால், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து படித்து, கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பிள்ளையைத் தனியே படிக்கவிடும் புத்தகம் அல்ல இது.

எங்கே நிறுத்தலாம்

பிரிக்மேனுக்குப் பிறகு ஜான் போக்டனோவ் ஓவியராக வந்தார். அவருடைய பிள்ளைகள் இன்னும் துள்ளலானவர்கள், முகபாவங்கள் கொஞ்சம் மிகை. பழகச் சில இதழ்கள் ஆகும், பழகியபின் பிடித்துவிடும். 36 வரை தயங்காமல் படிக்கலாம்.

42 முதல் 44 வரையிலான இதழ்கள் இன்ஃபெர்னோ என்ற பெரிய கதையோடு இணைந்தவை. அப்பாவின் பழைய மேலதிகாரி கார்மடி இங்கே போகிமேன் என்ற பேயுருவாக வருகிறான். பெற்றோரிடம் இத்தனை காலம் காத்த ரகசியத்துக்கு என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் இதைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு கட்டத்தில் சைமன்சன் எழுதுவதை நிறுத்திவிட்டார். வேறு கைகளுக்குப் போன தொடரின் குரல் மாறிவிடுகிறது. கடைசி இதழ்களில் கதை திசைதவறி, 62இல் அலெக்ஸைப் பற்றிய மிக விசித்திரமான ஒரு திருப்பத்தோடு நின்றுவிடுகிறது. 1992இல் சைமன்சன் திரும்பி வந்து எழுதிய விடுமுறைச் சிறப்பிதழ் அதைச் சரிசெய்தது. என் யோசனை: 36 வரை, பிறகு 42 முதல் 44, பிறகு நேராக அந்தச் சிறப்பிதழ். இடையில் உள்ளவற்றை ஆர்வம் மிகுந்தால் பின்னால் வந்து படித்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிய தொடக்கம்

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 1984ஆம் ஆண்டுத் தொடரைக் கொடுத்தால் அதன் வசனமே பயமுறுத்திவிடும். அவர்களுக்கென்று 2005இல் மார்க் சுமராக் எழுத, குரிஹிரு என்ற ஜப்பானிய ஓவிய இணை வரைந்த நான்கு இதழ்கள் இருக்கின்றன. மூலத் தொடரின் தொடர்ச்சி அல்ல அது. பாத்திரங்களை எடுத்து இந்தக் காலத்துக்கு ஏற்பப் புதிதாகத் தொடங்கியது. வண்ணம் பளிச்சென்று, கட்டங்கள் பெரிதாக, வசனம் குறைவாக இருக்கும். அதைத் தொடர்ந்து எக்ஸ்-மென், அவெஞ்சர்ஸ், ஸ்பைடர்மேன், ஹல்க் என்று ஒவ்வொருவரோடும் இந்தப் பிள்ளைகள் சேரும் குறுந்தொடர்கள் வந்தன. எந்த வரிசையில் படித்தாலும் புரியும். பிள்ளைக்குப் பிடித்த பெரிய நாயகன் யாரோ, அவனோடு வரும் குறுந்தொடரிலிருந்து தொடங்குங்கள்.

இதில் வரும் கேட்டி குறும்புக்காரி, துணிச்சல்காரி, சிரிக்க வைப்பவள். மூலத் தொடரில் இருந்த குற்றவுணர்வு மெல்லிசாகத்தான் தெரியும். அந்த வயதுக்கு அது போதும். வீட்டில் அண்ணன் தங்கை இருவர் இருந்தால் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஜாக்கின் வசனத்துக்குப் போட்டி நடக்கும். அண்ணனையும் அக்காவையும் சீண்டுவதற்கு அவனுக்குத்தான் நல்ல வரிகள் இருக்கின்றன.

புதிதாக வந்தவை

2000இல் வந்த நான்கு இதழ்களில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவசரமில்லை, பிறகு பார்க்கலாம். 2019இல் சைமன்சனும் பிரிக்மேனும் மீண்டும் இணைந்து குரோ அப் என்ற தனி இதழைச் செய்தார்கள், 2024இல் இன்டு த ஸ்டார்ம் என்ற ஐந்து இதழ்களையும். இரண்டும் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்துக்கே திரும்பிப் போகின்றன. முதல் 25 இதழ்களைப் படித்து முடித்த கையோடு இவற்றைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலவே இருக்கும். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பிரிக்மேனின் கேட்டி மாறவில்லை.

2020இல் தொடங்கிய ஐந்து இதழ்களை எழுதியவர் ரையன் நார்த், வரைந்தவர் நிகோ லியோன். அப்போது மார்வெல் கதைகளில், 21 வயதுக்குட்பட்ட நாயகர்கள் பெரியவர் ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் செயல்படக்கூடாது என்று சட்டம் வருகிறது. பெரியவர் துணையில்லாமலே வளர்ந்த இந்த அணிக்கு அதைவிடப் பொருத்தமான சிக்கல் கிடைக்காது. கேட்டி இங்கே ஐந்து வயதுக் குழந்தை அல்ல, வாயாடியான பெண்பிள்ளை. வேகமான, வேடிக்கையான வாசிப்பு. பழைய தொடர் தெரியாமலும் படிக்கலாம், தெரிந்து படித்தால் சுவை கூடும்.

மூத்தவர்கள் இருவரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். ஜூலி ரன்அவேஸ் கதைகளில் வருகிறாள். அலெக்ஸைத் தேட வேண்டுமென்றால் 2011 முதல் ஜோனதன் ஹிக்மேன் எழுதிய எஃப்எஃப் (ஃபியூச்சர் ஃபவுண்டேஷன்) தொடருக்குப் போக வேண்டும். ஃபிராங்க்ளினும் அங்கே இருக்கிறான், கேட்டி வழியாக அவனை அறிந்தவர்களுக்கு அந்தத் தொடருக்குள் நுழைய அதுவே வாசல். ஆனால் அது நீளமானது, இடையில் தொடங்கினால் புரியாது. முதல் இதழிலிருந்தே எடுங்கள்.